13ஆவது திருத்தம் என்றதும் அப்பா வேறொன்றைச் சொன்னார்

சேரம்பாடி மழை:
எம்.ஏ. வரலாறு முதல் வருடம் படிக்கிறேன். அடுத்த வாரம் செமினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65, அடிமை முறை வைத்திருந்த தென் மாநிலங்கள் பிரிந்துபோக, வடக்கோடு மூண்ட போர்), அதற்குப் பிறகு அங்கே விடுதலை, சமத்துவம் என்ற சொற்களுக்கு என்ன ஆனது என்பதுதான் தலைப்பு. நேற்று ராத்திரி கரண்ட் இல்லை, மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். "13ஆவது திருத்தம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை" என்று நான் சொன்னதும் அடுப்படியில் இருந்த அப்பா, "அடிப்படையாவது ஒண்ணாவது, காணி அதிகாரமும் குடுக்கல, போலீஸ் அதிகாரமும் குடுக்கல, பேப்பர்ல கெடக்கு" என்றார். நான் அமெரிக்காவைச் சொல்கிறேன், அவர் இலங்கையைச் சொல்கிறார் என்று புரிவதற்கே ஐந்து நிமிஷம் ஆனது. அங்கேயும் 13தான்! 1987இல் ராஜீவ்-ஜெயவர்த்தனே ஒப்பந்தம் முடிந்த கையோடு மாகாண சபைகளுக்காகக் கொண்டுவந்தது. அப்பா 1970களில் கப்பலேறி இங்கே வந்தவர். இன்றைக்கும் காலையில் அந்த ஊர்ச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் டீயே குடிப்பார்.

சரி, என் விஷயம். போர்தான் அமெரிக்காவில் சமத்துவத்தைச் சட்டமாக்கியது என்று எழுதியிருக்கிறேன். அவர்களுடைய முதல் அரசியலமைப்பில் அடிமை என்ற சொல்லே கிடையாது, "அப்படிப்பட்ட நபர்கள்" என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லை வெளிப்படையாகப் போட்டதே அதை ஒழித்த 13ஆவது திருத்தம்தான், 1865. பிறகு 1868இல் 14, பிறந்தவன் எல்லாம் குடிமகன், சட்டத்தின் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம். 1870இல் 15, நிறத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது. ஐந்தே வருடத்தில் மூன்று. போர் இல்லாமல் இது நடந்திருக்குமா? சொல்லுங்கள், திட்டுவதாக இருந்தாலும் சரி.

தொட்டபெட்டா குளிர்:
திட்ட மாட்டேன் தங்கச்சி, ஆனால் பாடப்புத்தகக் கதையாக இருக்கிறது. லிங்கன் அடிமைகளை விடுவிக்கவா போருக்குப் போனார்? 1861 மார்ச்சில் பதவியேற்ற அன்றே, அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் அதில் கைவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்று சொன்ன ஆள் அவர். 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனமும் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான். மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி, டெலவேர் எல்லாம் இவர் பக்கமே இருந்த அடிமை மாநிலங்கள், அங்கே தொடவில்லை. நாடு உடையக் கூடாது என்பதற்கு நடந்த போர். விடுதலை வழியில் கிடைத்தது.

கேத்தி கேரட்:
இந்த வாரம் பச்சை இலை கிலோ என்ன ரேட் போகிறது என்று பார்க்க வந்தேன், இங்கே லிங்கன் உட்கார்ந்திருக்கிறார். நடத்துங்கள்.

பழைய வாத்தியார்:
குளிர் தம்பி சொல்வது பாதி சரி, மீதிப் பாதியை விட்டுவிட்டார். வடக்கு எதற்காகப் போருக்குப் போனது என்பது ஒரு கேள்வி, தெற்கு எதற்காகப் பிரிந்து போனது என்பது வேறு கேள்வி. பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் பேசியதில் ஒளிவுமறைவே கிடையாது. கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். பிறகு எங்கே சந்தேகம்?

அதோடு மழைக்கு ஒரு தகவல், செமினாரில் போடு அம்மா, எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1861 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் வேறொரு 13ஆவது திருத்தத்தை நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. கார்வின் திருத்தம் என்று பெயர். மாநிலங்களின் அடிமை முறையில் மத்திய அரசு என்றைக்குமே தலையிட முடியாது என்பதுதான் அதன் சாரம். தெற்கைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். ஏப்ரலில் பீரங்கி வெடித்தது, அது அப்படியே கிடப்பில் போய்விட்டது. அதே எண்ணில் நாலு வருடம் கழித்து அடிமை முறையை ஒழிக்கிற திருத்தம் வந்தது. உன் அப்பாவுடையதையும் சேர்த்தால் ஆக மொத்தம் மூன்று 13.

இடையில் அந்த நாலு வருடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், லிங்கன் மனம் மாறினார் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். போர் தொடங்கி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, 1861 மே மாதம், வர்ஜீனியாவில் மன்ரோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் ராத்திரியில் தப்பி வந்து நின்றார்கள். திருப்பி அனுப்பு என்று எஜமான் ஆள் அனுப்பினான். கோட்டைத் தளபதி பட்லர் ஒரு வக்கீல். அவர் சொன்னது, நீங்கள்தான் வேறு நாடு என்கிறீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு, எதிரியின் சொத்து என்று நான் பிடித்து வைத்துக்கொள்கிறேன். மனிதனைச் சொத்து என்று சொல்லியே அவனைக் காப்பாற்றினார்! செய்தி பரவியது, அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்தார்கள். துப்பாக்கி தூக்கி உனக்காகச் செத்தவனை மறுபடி சந்தையில் விற்க முடியுமா? அந்த நெருக்கடியிலிருந்து வந்ததுதான் திருத்தம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த போரில் இந்த நடந்துவந்தவர்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

தொட்டபெட்டா குளிர்:
கார்வின் விஷயம் எனக்குத் தெரியாது வாத்தியார் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நம்ம ஊர்க்காரனுக்கு இதில் என்ன? செமினாருக்காகப் படிக்கிறது வேறு.

பழைய வாத்தியார்:
என்னவா? தெற்கின் துறைமுகங்களை வடக்கின் கப்பற்படை மறித்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்லுக்குப் பஞ்சு இல்லை. இந்தியப் பஞ்சு விலை எகிறியது, பம்பாயில் பணம் புரண்டது, போர் முடிந்த 1865இல் விலை விழுந்து பெரிய பெரிய வியாபாரிகள் திவாலானார்கள். நம் கரிசல் சீமைப் பருத்திக்காரனுக்கும் அந்தச் சூடு தெரிந்திருக்கும். அது பஞ்சுக் கதை. கருத்துக் கதை வேண்டுமென்றால், மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே 1873இல் சாதி அடிமைத்தனத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை, கறுப்பர்களை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். இங்கேயும் அப்படி நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு.

கொழுந்துக்கூடை:
நான் அதிகம் படிக்கவில்லை, எட்டாவது வரைக்கும்தான். மகள் போனில் இதைக் காட்டினாள். ஒன்று கேட்க வேண்டும். அந்த அடிமைகளை விட்டார்களே, விட்ட பிறகு எங்கே போய்ப் படுத்தார்கள்? வீடு யாருடையது? மண் யாருடையது?

சிலோனிலிருந்து நாங்கள் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. கோச்சியில், அதாவது ரயிலில், ஏறித் தலைமன்னார் வந்து, அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப். அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கட்டிப்பிடித்து அழுவார்கள். என் பெரியம்மா பிள்ளைகளுக்குச் சிலோன் குடியுரிமை, எங்களுக்கு இந்தியா. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா (அறை). அப்பா கையில் ஒரு குடும்ப அட்டை, அதைச் சட்டைக்குள் வைத்துத் தைத்திருந்தார். நீ இந்த நாட்டுக்காரன் என்று அந்தக் காகிதம் சொன்னது. கீழே இறங்கியதும் எல்லோரும் எங்களைச் சிலோன்காரன் என்றார்கள். அங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரன்.

நீலகிரிக்கு வந்து முப்பத்து நாலு வருடம் கொழுந்து எடுத்தேன். ஓய்வு என்றதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அடிமை இல்லைதான், ஓட்டுப் போடுகிறேன், ரேஷன் வாங்குகிறேன். ஆனால் வேலையோடு வீடும் போனது. அதனால் கேட்கிறேன், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?

சேரம்பாடி மழை:
அக்கா, நீங்கள் கேட்டதுதான் என் கட்டுரையில் ஒரு வரியில் ஒதுக்கிவிட்ட இடம். கொடுத்தார்கள், பிறகு பிடுங்கினார்கள். 1865 ஜனவரியில் ஷெர்மன் என்ற தளபதி, தென் கரோலினாவிலிருந்து ஃப்ளோரிடா வரை கடற்கரையோரம் பிடித்த நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவு போட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி விதைக்கவும் ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். விதைத்தவர்கள் அதே மண்ணில், விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு உழுதார்கள். விதை, மாடு, மாவு எல்லாம் முதலாளி கடையிலேயே கடன். அறுப்பு முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும்.

தொட்டபெட்டா குளிர்:
கூடை அக்கா மன்னிக்கணும், உங்கள் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடிமையையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்கிறது சரியா? இவர்களுக்குச் சம்பளம் இருந்தது, சங்கம் இருந்தது. குழந்தையைப் பிரித்து ஏலத்தில் விற்கவில்லை. எல்லாவற்றையும் அடிமைத்தனம் என்றால் அந்தச் சொல்லுக்கே மரியாதை போய்விடும்.

கொழுந்துக்கூடை:
நான் அடிமை என்று சொல்லவில்லையே தம்பி. மண்ணைப் பற்றித்தான் கேட்டேன்.

பழைய வாத்தியார்:
குளிர் சொன்ன எச்சரிக்கை நியாயம்தான், இரண்டும் ஒன்றில்லை. ஆனால் ஒன்று முடிந்த இடத்தில் இன்னொன்று ஏன் முளைத்தது என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ்காரன் தன் காலனிகளில் 1830களில் அடிமை முறையை ஒழித்தான். கரும்பும் காப்பியும் அதற்காக நின்றுவிடவில்லை. ஒப்பந்தக் கூலி வந்தது, இலங்கைக்குக் கங்காணி முறை, அதாவது கங்காணி என்கிற மேஸ்திரி ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கொண்டுபோகிற முறை, வந்தது. இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒன்று இருந்தது, கூடை அம்மாவின் தாத்தா காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவன் கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. சீட்டு இல்லாமல் நகர முடியாது, கடனும் தீராது. 1921இல்தான் சட்டப்படி ஒழித்தார்கள்.

இப்போது மிசிசிப்பியைப் பாருங்கள். 1865 கடைசியில், 13ஆவது திருத்தம் வந்துகொண்டிருக்கும்போதே, கறுப்பர் சட்டங்கள் என்று போட்டார்கள். வருடா வருடம் ஜனவரியில் வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடியுமுன் போனால் அதுவரை உழைத்த கூலி போச்சு. வேலையில்லாமல் திரிந்தால் அபராதம், கட்ட முடியாவிட்டால் அபராதத்தைக் கட்டுகிறவனுக்கு வேலை செய்ய வேண்டும். ஊருக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்குக்கூட எடுக்க முடியாது. இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 14ஆவது திருத்தமே தேவைப்பட்டது.

13இலேயே ஒரு ஓட்டையும் உண்டு. குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல் கட்டாய வேலை கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த "அல்லாமல்" வழியாகத் தெற்கில் கைதிகளைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டார்கள். நம் நடுவட்டத்தில் பழைய சிறை இருக்கிறது, ஊட்டியிலிருந்து கூடலூர் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அங்கே அடைத்து, மலேரியா மருந்துக்கான சிங்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். அதுவும் கிட்டத்தட்ட இதே காலம். அடிமை கூடாது, கைதி பரவாயில்லை என்ற நினைப்பு அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை.

கூடலூர் குமாஸ்தா:
கோர்ட் பக்கம் முப்பது வருடம் ஃபைல் தூக்கியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நம் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவில் "சட்டங்களின் சமமான பாதுகாப்பு" என்று வருகிறதே, அது அவர்களுடைய 14ஆவது திருத்தத்திலிருந்து வந்த வாசகம். எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், இங்கே வேறு கதை கட்டாதீர்கள். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், கறுப்பர் நிலைமையை நேரில் பார்த்திருப்பார். நாம் போட்ட 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புதான் என்றது. பசியும் ஒரு கட்டாயம்தானே என்கிற மாதிரியான வாதம். இதை நான் தட்டச்சு செய்தபோது எனக்கு மாதச் சம்பளம் என்ன என்று கேட்காதீர்கள்.

ஆனால் கூடை அம்மா கேட்டது நிலம். எங்கள் பக்கம் 1969 ஜென்மி (பரம்பரை நில உடைமை) ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அதில் செக்‌ஷன் 17 நிலம் என்று சொன்னால் கூடலூர், பந்தலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் வீடு கட்டி இரண்டு தலைமுறை இருந்தாலும் பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் கரண்டுக்கு அலைய வேண்டும். தாயகம் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். குடியுரிமை கெட்டி, காலடி மண் இளக்கம்.

சேரம்பாடி மழை:
எங்கள் வீடும் அதே செக்‌ஷன் 17தான் சார். மெழுகுவத்தி ரகசியம் வெளியே வந்துவிட்டது.

இரண்டு நாளாக இதையெல்லாம் வைத்துக் கட்டுரையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் 14ஆவது திருத்தத்தில் எனக்கு இப்போது உறைக்கிற வரி சமத்துவ வரி இல்லை, அதற்கு முன்னால் வருகிற வரி. இங்கே பிறந்தாயா, நீ குடிமகன். முடிந்தது. உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்பதில்லை. அதற்கு 80 வருடம் கழித்து 1948இல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம் அதைத்தான் கேட்டது. நீ இங்கே பிறந்தால் போதாது, உன் அப்பாவும் இங்கேதான் பிறந்தார் என்று நிரூபி. தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் அப்பாவின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள், அடுத்த வருடமே வாக்கும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதி. அந்தப் பங்கில் ஒரு எண் எங்கள் அப்பா. இது துப்பாக்கிச் சத்தம் இல்லாமல், கையெழுத்தில் நடந்தது. அதனால் "போர் இருந்தால்தான் பெரிய மாற்றம்" என்ற என் முதல் வாதத்தில் ஒரு கால் உடைந்தது.

தொட்டபெட்டா குளிர்:
அப்படியென்றால் இலங்கைப் போர்? அதனால் மலையகத்தாருக்கு, அந்தத் தோட்டத் தமிழருக்கு, ஒன்றும் ஆகவில்லையா?

பழைய வாத்தியார்:
ஆனது, கொஞ்சம் கோணலாக. அவர்கள் போரைத் தொடங்கவில்லை, 1977லும் 81லும் 83லும் நடந்த இனக்கலவரங்களில் அடி மட்டும் வாங்கினார்கள். பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடிப்போய், பிறகு அங்கேயும் போரில் மாட்டின. ஆனால் 1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு வைத்த நான்கு அடிப்படைகளில் ஒன்று, தீவில் வாழும் எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை. ஒருபக்கம் அந்த அழுத்தம், இன்னொரு பக்கம் மலையகத் தொழிற்சங்கத்தின் பேரம். 1988இல் ஒரு சட்டம், சண்டை நிறுத்தக் காலமான 2003இல் இன்னொரு சட்டம், அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் தீர்ந்தது. கப்பல் நின்றுபோனதும் ஒரு காரணம். 1980களின் நடுவில் படகுப் போக்குவரத்து நின்றது, அனுப்பவும் முடியவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்ததும் ஜனாதிபதி ராஜபக்ச நாடாளுமன்றத்தில், இனி இந்த நாட்டில் சிறுபான்மை என்று யாரும் இல்லை என்றார். நாட்டை நேசிப்பவர், நேசிக்காதவர் என்று இரண்டே வகையாம். கேட்க நன்றாக இருக்கிறது. சமத்துவம் என்ற சொல்லை ஜெயித்தவன் இப்படியும் பயன்படுத்தலாம், நீயும் நானும் ஒன்றுதான், அதனால் நீ தனியாக எதுவும் கேட்காதே. அமெரிக்காவில் 1913இல் கெட்டிஸ்பர்க் சண்டையின் ஐம்பதாவது ஆண்டுக்கு வடக்குக் கிழவனும் தெற்குக் கிழவனும் கைகுலுக்கினார்கள், ஜனாதிபதி வில்சன் வந்து சகோதரத்துவம் பேசினார். அதே வருடம் அவருடைய அரசு அலுவலகங்களில் கறுப்பு ஊழியர்களைப் பிரித்து உட்காரவைத்தார்கள்.

தொட்டபெட்டா குளிர்:
ம்ம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேத்தி கேரட்:
குளிர் அண்ணனிடம் பதில் இல்லை. ஊட்டியில் பனி விழப் போகிறது, கேரட்டை மூடுங்கள்.

சேரம்பாடி மழை:
செமினார் முடிந்தது. போர் ஒரு கதவைத் திறந்தது, 1877இல் தெற்கிலிருந்து ராணுவத்தை விலக்கியதும் அதைச் சாத்தினார்கள் என்று சொன்னேன். 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் செனட்டுக்கே போனார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே மாநிலத்தில் வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று வைத்துக் கறுப்பரை வாக்குச்சாவடிப் பக்கமே விடவில்லை. 1896இல் தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 14ஆவது திருத்தத்தைத் தூசு தட்டி 1954இல் பள்ளிக்கூடத்தையும், 15ஐ வைத்து 1965இல் வாக்கையும் திரும்பப் பெற்றார்கள். எழுத்து மாறவில்லை, கேட்கிற ஆட்கள் திரண்டார்கள். 40 ஏக்கர் மட்டும் திரும்பி வரவே இல்லை என்று முடித்தேன்.

பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், நிலம் கொடுத்திருந்தால் 1877 நடந்திருக்குமா என்று. வாக்கைப் பறிப்பது கஷ்டமாக இருந்திருக்கும் என்றேன். முதலாளி கடையில் மாவு வாங்குகிறவனை மிரட்டுவது சுலபம், தன் நெல்லைத் தின்கிறவனை அவ்வளவு சுலபத்தில் மிரட்ட முடியாது. ஆனால் நிலம் வைத்திருந்தவர்களையும் அடித்து விரட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். முழுப் பதில் இல்லை, தெரியும். நடுவட்டம் சிறையைச் சொன்னபோதுதான் பின்வரிசை போனைக் கீழே வைத்தது, வாத்தியார் சாருக்கு நன்றி.

அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மூன்று 13 என்றதற்குச் சிரித்தார். மற்றதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. கூடை அக்கா எழுதியதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அந்தம்மா எந்தத் தோட்டம்னு கேளு, பதுளைப் பக்கமா?" என்றார்.

கொழுந்துக்கூடை:
பதுளைதான் மகள். ஹாலிஎல. அப்பாவிடம் கேளுங்கள், அவர் எந்த வருடம் கப்பல் ஏறினார், மண்டபத்தில் எத்தனை நாள் இருந்தார்.